மூன்று டம்ளர் சோடா

எங்கள் மாஸ்டர் மழைத் தண்ணீரையே பேப்பர் வைத்துப் பார்த்தவர். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். முதல் மழை பெய்த அன்று பட்டறை வாசலில் நாங்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றோம். அவர் மட்டும் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் தேங்கிய தண்ணீரில் பேப்பரை நனைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஆறு. கொஞ்சம் ஆசிட் பக்கம்" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்வதுதான் அவர் வழக்கம்.

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு சீட்டு. தொட்டித் தண்ணீரில் நனைத்து எடுத்தால் நிறம் மாறும். ஆசிட் என்றால் சிவப்புக்குப் போகும், சோடா, அதாவது காரம் என்றால் நீலத்துக்குப் போகும், இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் பச்சை. டப்பா மூடியில் ஒன்றிலிருந்து பதினாலு வரை நிறம் போட்டிருக்கும், ஏழுக்குக் கீழே ஆசிட், மேலே சோடா, ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வகைத் துணி ஆசிட்டில்தான் சாயம் பிடிக்கும். பருத்தித் துணிக்குச் சோடா வேண்டும். எண் ஒன்று தவறினால் போதும், கருநீலம் கேட்ட துணி அடிபட்ட முழங்கால் நிறத்தில் வெளியே வரும். அப்புறம் முதலாளி வாயில் வருவதை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருபத்தாறு வருடத்தில் மாஸ்டருக்கு அந்த நிலைமை இரண்டே முறைதான் வந்தது. அதனால் அவருக்குப் பேப்பர் மாஸ்டர் என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் அந்த மஞ்சள் டப்பா இருக்கும்.

நான் அதே பட்டறையில் சாயப்பொடி நிறுக்கிறவள். ஒரு சின்ன அறை, ஒரு தராசு, வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொள்ள ஒரு துணி. என்னதான் கட்டிக்கொண்டாலும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்று தெரிந்துவிடும். மாஸ்டர் என்னைத் தராசு என்றுதான் கூப்பிடுவார். குடியிருப்பதும் ஒரே கட்டிடம், மூன்றாம் மாடி. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பாள். பகல் முழுக்க அந்தத் தையல் மிஷின் சத்தம் சுவரைத் தாண்டி வரும். என் வீட்டுக்காரர் லாரியோடு போய்விட்டால் எனக்குத் துணை அந்தச் சத்தம்தான்.

அக்காவுக்குக் கொஞ்ச நாளாகவே அசதி. கால் வலி, நெஞ்செரிச்சல், மிஷினை விட்டு எழுந்தால் ஒரு தள்ளாட்டம். பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுவாள், அது பாட்டுக்கு அது. இந்த நேரத்தில்தான் அக்காவின் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். மனிதர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு டிக்கெட் கிழித்த கை இப்போது ஊரில் உள்ள எல்லாருக்கும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த வீடியோவில் கோட்டுப் போட்ட ஒரு ஆள். உடம்பில் ஆசிட் கூடுவதால்தான் எல்லா நோயும் வருகிறதாம். மூட்டு வலியா, ஆசிட். தூக்கம் வரவில்லையா, ஆசிட். உடம்பைச் சோடாப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் ஒரு நோயும் அண்டாதாம். இதுவரைக்கும் சொல்லியிருந்தால் மாஸ்டர் கொட்டாவி விட்டிருப்பார். அந்தப் பாவி அடுத்ததாக ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்துக் காட்டினான். அதே டப்பா. அதே மூடி, அதே நிறங்கள். காலையில் சிறுநீரில் நனைத்துப் பாருங்கள், ஆறுக்குக் கீழே இருந்தால் ஆபத்து என்றான். நம் மனிதருக்கு உலகத்தில் எது நன்றாகத் தெரியுமோ அதைப் பிடித்து அவன் பேசிவிட்டான். அதற்கப்புறம் அவரை யார் நிறுத்த முடியும்?

மறுநாள் காலையில் அக்காவுக்குப் பார்த்ததில் ஐந்து வந்தது. மாஸ்டர் அன்றைக்குப் பட்டறைக்கு வந்த முகத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இருபத்தாறு வருஷமா துணிக்குப் பாத்தேன் தராசு. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் பாக்கலையே" என்றார்.

அப்போது எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். அவர் கடையில் வாங்கி வந்த சமையல் சோடா ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. கை அளவில் போட்டால் கூடக்குறைய ஆகிவிடும், அளந்து கட்டிக் கொடு என்று கேட்டார். தட்டை மூன்று தரம் கழுவித் துடைத்து, அரை கிராம் பிசகாமல் ஐந்தைந்து கிராமாக நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான்தான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுசாகும்.

ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். காலையில் அவரே கலக்கி, கூடவே நின்று குடிக்கவைப்பார். மதியத்துக்கு ஒன்றைக் கலக்கி, மேலே தட்டு போட்டு மூடி, மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்து மூன்றாவது. தினமும் காலையில் நனைத்த பேப்பரைக் காயவைத்துக் காலண்டரின் பின்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்தார். முதலில் மஞ்சள், பிறகு இளம்பச்சை, பிறகு நல்ல பச்சை. எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் போய்ப் பார்த்து, அட, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேப்பர் பச்சையாக ஆக, அக்கா வாடிப்போனாள். முதலில் குமட்டல். பிறகு நாளுக்கு ஒரு தரம் வாந்தி. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாள். உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றாள். மாஸ்டர் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் அந்த வீடியோவை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற ஆசிட் வெளியே போகும்போது அப்படித்தான் இருக்குமாம், பயப்படாதே மாப்பிள்ளை என்றார். வெளியே போகிறதாம். எங்கே போகிறது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

இருபத்துமூன்றாவது நாள் எனக்கு வார விடுமுறை. வெளியே விடாத மழை. ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி, அதற்குள் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். மிஷின் சத்தம் நின்றது. நூல் மாற்றுகிறாள் என்று நினைத்தேன். நூல் மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது. சுவரில் தட்டினேன், பதில் தட்டு வரவில்லை.

கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அக்கா மிஷின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கி, விரல்களெல்லாம் ஒன்றாகக் குவிந்து, கட்டைவிரல் உள்ளே போய் இறுகிக் கிடந்தன. பிரித்துவிடலாம் என்று பிடித்து இழுத்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது, அசையவில்லை.

"கத்தரிய எடுத்தேன், கை மூடிக்கிச்சு" என்றாள். நாக்கு குழறியது. கொஞ்ச நேரம் கழித்து, "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று கேட்டாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான். கால்களில் ரப்பர் பூட்ஸோடு, முழங்கால்வரை சாயத் தண்ணீரோடு ஓடி வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு பேப்பரை உருவி, அக்காவின் நாக்கில் வைத்தார்.

"எட்டு வருது தராசு. நல்லாத்தானே இருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பரைப் பிடுங்கித் தரையில் போட்டேன். நாக்கு எட்டு, ஆள் எங்கே என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவர் அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். மழையில் வண்டி கிடைப்பதற்குள் என் உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். வயது முப்பதுக்குமேல் இருக்காது. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். அக்காவின் கையைப் பார்த்தார், நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டவைத்தார், மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து அனுப்பினார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். மாஸ்டர், "பிரஷர் மாத்திரை மட்டுந்தான்" என்றார். வேற ஏதாவது, நாட்டு மருந்து, பொடி, டானிக் என்று டாக்டர் திரும்பவும் கேட்டார். மாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை அவர். அது எனக்குத் தெரியும். சோடாவை மருந்து என்றே அவர் நினைக்கவில்லை. அதோடு பயமும் இருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வேறு வந்து சேர்ந்துவிட்டார். பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு. என் தங்கச்சிக்கு என்ன செஞ்சீங்க மாப்பிள்ளை என்று ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரத்த ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை இரண்டு தரம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். ரத்தம் சோடாப் பக்கம் ஏறிப்போயிருக்கிறது, பொட்டாசியம் பாதாளத்தில் கிடக்கிறது என்றார். இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம். வாந்தியால் மட்டும் இவ்வளவு தூரம் வராது, காரணம் தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது என்றார்.

நான் சொல்லிவிடலாம். பொட்டலம் கட்டியவள் நான். ஆனால் சொன்னால் அவர் பொய் சொன்னதாகிவிடும், அண்ணன் அங்கேயே அவர் சட்டையைப் பிடிப்பார். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவே நான் வாயைத் திறந்துகொண்டு நின்றபோது, மாஸ்டர் அந்த பூட்ஸோடு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"சோடா குடுத்தேன் டாக்டர். சமையல் சோடா. நாந்தான் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"அஞ்சு கிராம். மூணு வேளை. இருபத்திமூணு நாள்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு துல்லியமா யாரும் சொன்னதில்லை. எப்படித் தெரியும்?"

"நான் நிறுத்துக் குடுத்தேங்க" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் என்னென்னவோ உத்தரவு போட்டார். சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீரும் பொட்டாசியமும் ஏற ஆரம்பித்தன. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இதயம் தாளம் தப்பவில்லை, பார்க்கலாம் என்றார். மாஸ்டர் அவர் பின்னாலேயே போனார். எதற்குக் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்க, சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். காலையில் சிறுநீர் ஐந்தில் இருந்ததையும், உடம்பு ஆசிட்டாகிவிட்டது என்று பயந்ததையும் சொன்னார். டாக்டர் சிரிப்பார், திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சாயப்பட்டறைல வேலை செய்யறீங்களா?"

"ஆமாங்க."

"ரத்தம் ஏழு புள்ளி நாலுல நிக்கும். புள்ளி அஞ்சு மேல, புள்ளி அஞ்சு கீழன்னு எல்லாம் இல்ல. புள்ளி ஒண்ணு நகந்தாலே நாங்க ஓட ஆரம்பிச்சிடுவோம். உங்க மனைவிக்கு இன்னிக்கு ஏழு புள்ளி அஞ்சு ஆறு. உங்க பேப்பர்ல அந்த வித்தியாசம் தெரியுமா?"

மாஸ்டர் டப்பா மூடியைப் பார்த்தார். அதில் ஏழுக்கு அடுத்தது எட்டு. "தெரியாதுங்க" என்றார்.

சாப்பாட்டால் ரத்தம் அப்படி ஆசிட் ஆகிவிடாது என்றார் டாக்டர். மூச்சு ஒரு பக்கம், சிறுநீரகம் ஒரு பக்கம் அந்த ஏழு புள்ளி நாலைப் பிடித்து வைத்திருக்கும். மிச்ச ஆசிட்டைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். அதனால் சிறுநீர் ஐந்தில் இருந்தது நோயே இல்லை, உள்ளே வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அக்கா போட்ட பிரஷர் மாத்திரை உப்பையும் பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போக, வாந்தி மிச்சத்தைக் கொண்டு போக, மேலேயிருந்து சோடா விழுந்துகொண்டே இருந்தால் சிறுநீரகம் பாவம் என்ன செய்யும் என்றார். அந்த அசதியும் கால் வலியும்கூட மாத்திரையால் பொட்டாசியம் குறைந்து வந்ததாக இருக்கலாம், மாத்திரையை மாற்றித் தருகிறேன் என்றார்.

மாஸ்டர் கையில் இருந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கழிவு வாய்க்கால்ல பேப்பர் வச்சுப் பாத்துட்டு, தொட்டில சோடாவ அள்ளிக் கொட்டியிருக்கேன் தராசு. நேத்து சேந்தவன்கூட இத செய்யமாட்டான்."

உண்மைதான். சாயம் ஏறி முடித்த தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் வாய்க்காலில் ஓடும். அதில் பேப்பர் வைத்துப் பார்த்து உள்ளே தொட்டி எப்படி இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னால், அவனை மாஸ்டரே அடித்துத் துரத்தியிருப்பார். அந்த மனிதர் இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு தன் போனை எடுத்து என்னவோ அழித்தார், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அனுப்பினது நான்தானே மாப்பிள்ளை என்று அவர் சொன்னது எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது. அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

சாயங்காலம் அக்காவின் விரல்கள் பிரிந்தன. முதலில் சுண்டுவிரல், அப்புறம் ஒவ்வொன்றாக. மறுநாள் காலையில் என்னை அடையாளம் தெரிந்து, யாரோ ஒரு பெண்ணின் பாவாடைக்கு மடிப்பு தைக்கவில்லை, துணியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். தையல் ஞாபகம் வந்துவிட்டது, இனி கவலையில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டிருந்தது. வார்டு ஜன்னல் வழியாக வெயில் அக்காவின் கட்டில்வரை வந்தது. டாக்டர் புது ரிப்போர்ட்டோடு வந்தார்.

"ஏழு புள்ளி நாலு ரெண்டு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். போனவர் கதவருகே நின்று திரும்பினார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. தினம் பதினஞ்சு கிராம்னு நீங்க சொன்ன அளவுக்கு, அன்னிக்கு ரத்தம் இன்னும் மோசமா இருந்திருக்கணும். ஏதோ தப்பிச்சீங்க."

டாக்டர் போன பிறகு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மாஸ்டர் பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியான டம்ளர நான் குடிக்கவே இல்லைங்க" என்றாள்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. "தினமும் காலியா இருந்துச்சே."

"பாத்திரம் தேச்சேன். அடிப்பிடிச்ச குண்டான் ஒண்ணு ரொம்ப நாளா கெடந்துச்சே, அது பளபளன்னு ஆயிடுச்சு. நீங்க கவனிக்கல."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மனதுக்குள் ஐந்தைந்தாகக் கழித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து கிராம், இருபத்துமூன்று நாள். கழித்து முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. அது மட்டும் உள்ளே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கணக்கை அதற்குமேல் அவர் போடவில்லை.

"பிடிக்கலன்னா மொத டம்ளர்லயே சொல்லியிருக்கலாம்ல. காலையிலயும் சாயங்காலமும் ஏன் குடிச்ச?" என்று கேட்டார்.

அக்கா போர்வை நுனியைப் பிடித்து, நான்கு விரலால் மடித்து மடித்துப் பார்த்தாள். கை சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

"அது ரெண்டும் நீங்க கலக்கிக் கையில குடுத்ததுங்க. இருபத்தெட்டு வருஷத்துல எனக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி நீங்க மோந்து குடுத்ததில்ல. வேணான்னு சொன்னா நின்னுடுமேன்னுதான் குடிச்சேன்."

வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். நான் வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்குள் மாஸ்டரே வெளியே போய்விட்டார். நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா என்று அக்கா என்னைக் கேட்டாள். இல்லை அக்கா, சரியாகத்தான் சொன்னாய் என்றேன்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். தெருமுனைக் கடையிலிருந்து டீ. டம்ளரின் விளிம்புவரை இருந்ததால் சிந்தாமல் அடி அடியாக நடந்து வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்தைப் பிரித்துச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"எத்தனை கிராம்?" என்று அக்கா கேட்டாள்.

"அளக்கல" என்றார்.

அக்கா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, தித்திப்பு ஜாஸ்தி என்றாள், நாளைக்கும் இதே மாதிரி போடுங்க என்றாள்.